பைத்தானுக்கு நம்மால் என்ன செய்ய முடியும்? நிரல்மொழித் திட்டங்களுக்குள் நுழையும் வழிகள்

சென்னை ஓ.எம்.ஆர். ஓரத்துப் பொறியியல் கல்லூரிகளில் மூன்றாம் ஆண்டு வந்ததுமே ப்ளேஸ்மென்ட் படிவத்தில் ஒரு கட்டம் முளைத்துவிடுகிறது: கிட்ஹப் (நிரல்களைச் சேமித்துப் பகிரும் இணையதளம்) முகவரி. அதை நிரப்பக் கிளம்பும் மாணவர், தான் தினமும் பயன்படுத்தும் பைத்தானின் களஞ்சியத்தைத் திறந்து பார்க்கிறார். ஆயிரக்கணக்கில் இஷ்யூக்கள், ஆயிரத்துக்கும் மேல் காத்துக்கிடக்கும் புல் ரிக்வெஸ்ட்கள், நடுவில் சி மொழியில் எழுதிய பெரிய பெரிய கோப்புகள். பத்து நிமிடத்தில் மூடிவிடுகிறார். சோழிங்கநல்லூரில் எட்டு வருடம் ஜாவா எழுதியவருக்கும் இதே கதிதான். உலகமே கூடி வேலை செய்யும் இடத்தில் நமக்கு என்ன மிச்சம் இருக்கும் என்று ஒரு சந்தேகம். கம்பைலர் (நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் மென்பொருள்) தெரியாமல் உள்ளே போய் என்ன செய்வது என்று இன்னொரு சந்தேகம்.

ஒரு நிரல்மொழி உள்ளுக்குள் எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் இரண்டும் தீரும்.

## முதலில் சில சொற்கள்

களஞ்சியம் என்பது ஒரு திட்டத்தின் கோப்புகளும் அவற்றின் மாற்ற வரலாறும் இருக்கும் இடம். இஷ்யூ என்பது அங்கே பதியப்படும் புகார் அல்லது கோரிக்கை. நீங்கள் ஒரு மாற்றம் செய்து, "இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று அனுப்புவது புல் ரிக்வெஸ்ட், சுருக்கமாக பி.ஆர். அதை ஒருவர் வரி வரியாகப் படித்துக் கேள்வி கேட்பது ரிவ்யூ. ஒப்புக்கொண்டு மூலத்தோடு சேர்ப்பது மெர்ஜ். மெர்ஜ் செய்யும் அதிகாரம் உள்ளவர் கோர் டெவலப்பர். இந்த அதிகாரத்தை யாரும் கேட்டு வாங்குவதில்லை. பல மாதம், சில சமயம் பல வருடம் வேலையைப் பார்த்த பிறகு மற்ற கோர் டெவலப்பர்கள் கூப்பிட்டுக் கொடுப்பது.

## ‘மொழி’ என்ற பெயரில் எத்தனை பொருள்கள்

பைத்தான் என்று பொதுவாகச் சொன்னாலும் நம் கணினியில் ஓடுவது சி-பைத்தான் என்ற ஒரு செயலாக்கம். 1991-ல் கைடோ வான் ரோசம் வெளியிட்டதன் நேரடி வாரிசு. அதே மொழிக்கு பைபை, மைக்ரோபைத்தான் என்று வேறு செயலாக்கங்களும் உண்டு. சி-பைத்தான் களஞ்சியத்தைப் பிரித்துப் பார்த்தால்:

1. இன்டர்ப்ரெட்டர். நிரலைப் படித்து இயக்கும் பகுதி. சி மொழியில் எழுதியது. பயமுறுத்தும் பகுதி இதுதான்.
2. ஸ்டாண்டர்ட் லைப்ரரி. ஜேசன், சிஎஸ்வி, தேதி, கோப்புப் பாதை என்று நாம் இம்போர்ட் செய்யும் எல்லாம். பெரும்பகுதி பைத்தானிலேயே எழுதியது. பைத்தான் தெரிந்தவர் நேரடியாகப் படிக்கலாம்.
3. டெஸ்ட்கள். இவையும் பைத்தானில்தான். ஒரு பக் (பிழை) சரியாகிவிட்டது என்பதற்கும், அது மறுபடி வராது என்பதற்கும் இவைதான் காவல்.
4. ஆவணங்கள். வெறும் உரைக்கோப்புகள்.
5. இவற்றைத் தினமும் கட்டி (மூலநிரலை ஓடும் மென்பொருளாக்கி), பல இயங்குதளங்களில் ஓட்டிப் பார்க்கும் தானியங்கி ஏற்பாடு.

ஐந்தில் ஒன்றுக்கு மட்டும்தான் சி வேண்டும். ரஸ்ட் என்ற மொழியின் கம்பைலர் ரஸ்ட்டிலேயே எழுதப்பட்டது. கோ மொழியின் கம்பைலர் முதலில் சி-யில் இருந்தது, 2015-ல் வந்த 1.5 பதிப்போடு கோ மொழிக்கே மாறிவிட்டது. ஆக, பயன்படுத்தும் மொழியை நன்றாகத் தெரிந்தவருக்குப் பாதிக் கதவு ஏற்கெனவே திறந்துதான் இருக்கிறது.

எங்கே தொடங்குவது என்பதை உங்கள் கணினியும் தீர்மானிக்கும். சி-பைத்தானைச் சாதாரண லேப்டாப்பில் சில நிமிடங்களில் கட்டிவிடலாம். ரஸ்ட் கம்பைலருக்கு 8 ஜிபி ரேமும், டிஸ்க்கில் 30 ஜிபி காலியிடமும் இருப்பது நல்லது என்று அவர்களது வழிகாட்டியே பரிந்துரைக்கிறது. அரசு தந்த பழைய லேப்டாப்பில் அதை முயன்றால், கட்டி முடிப்பதற்குள் ஆர்வம் தீர்ந்துவிடும்.

## புது வசதி கேட்டால் ஏன் நடப்பதில்லை

புதிதாக வருபவருக்கு முதலில் தோன்றுவது, "இந்த மொழியில் இப்படி ஒரு வசதி சேர்த்தால் என்ன?" என்பது. யோசனை நன்றாகவே இருக்கலாம். ஆனால் ஒரு மொழியின் இலக்கணத்தில் ஒன்றைச் சேர்த்துவிட்டால் திரும்ப எடுப்பது மிகக் கடினம். உலகில் எழுதிய அத்தனை நிரலும் அதைச் சார்ந்து நின்றுவிடும். அதனால் ஒவ்வொரு மொழியும் இதற்கென்று ஒரு நடைமுறை வைத்திருக்கிறது. பைத்தானில் அதன் பெயர் பெப், ரஸ்ட்டிலும் பிஎச்பி-யிலும் ஆர்.எஃப்.சி. பிஎச்பி-யில் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு விழுந்தால்தான் சேரும்.

இந்த விவாதங்கள் எவ்வளவு சூடாகும் என்பதற்குப் பைத்தானே சாட்சி. ஒரு கணக்கீட்டுக்கு நடுவிலேயே மாறிக்கு மதிப்புக் கொடுக்கும் ‘வால்ரஸ்’ குறியைச் சேர்க்கும் பெப் 572 என்ற முன்மொழிவு மீது 2018-ல் நடந்த சண்டையில் சலித்துப்போய், மொழியை உருவாக்கிய கைடோவே தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். மறு வருடம் முதல், தேர்ந்தெடுக்கப்பட்ட ஐவர் குழு முடிவெடுக்கிறது. உருவாக்கியவரையே களைக்கவைத்த வாசல் வழியாக முதல் நாளே நுழைய வேண்டியதில்லை. பக், டெஸ்ட், ஆவணம் ஆகிய மூன்றுக்கும் யாருடைய ஓட்டும் தேவையில்லை.

## உண்மையான பற்றாக்குறை

சேர்க்க வேண்டிய நிரலுக்குப் பஞ்சமே இல்லை. அதைப் படித்துச் சரிபார்க்கும் ஆட்களுக்குத்தான் பஞ்சம். இந்த ஒன்று பிடிபட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

கோர் டெவலப்பர்களில் பலர் வேறு வேலை பார்த்துக்கொண்டு, மாலையிலும் வார இறுதியிலும் ரிவ்யூ செய்கிறவர்கள். தேங்கிக் கிடக்கும் பி.ஆர்.களைக் கவனிக்கவே, பைத்தான் சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் 2021-ல் முதன்முறையாக ஒருவரைச் சம்பளத்துக்கு அமர்த்தியது. அதற்குப் பிறகும் வரிசை ஆயிரத்துக்குக் கீழே இறங்கவில்லை. நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு பி.ஆரும் ஒருவரது மாலை நேரத்தில் ஒரு துண்டைக் கேட்கிறது. அந்தத் துண்டைச் சிறிதாக்கும் எதுவும் பங்களிப்பு. பெரிதாக்கும் எதுவும், உள்ளே நிரல் இருந்தாலும், சுமைதான்.

இது புரியாமல் நடந்தவற்றுக்கு இரண்டு உதாரணம். 2014-ல் தொடங்கி, அக்டோபர் மாதம் நான்கு பி.ஆர். அனுப்பினால் டி-ஷர்ட் என்று நடந்துவந்த ஹாக்டோபர்ஃபெஸ்ட், 2020-ல் குப்பைமேடானது. திட்டத்தை அறிமுகப்படுத்தும் ரீட்மீ கோப்பில் ஒரு வார்த்தை சேர்த்து அனுப்பியவர்கள் ஆயிரக்கணக்கில். போட்டி தொடங்கிய சில நாளிலேயே, விருப்பம் தெரிவித்த திட்டங்களுக்கு மட்டும்தான் கணக்கு என்று விதியை மாற்ற வேண்டி வந்தது. 2024 தொடக்கத்தில் ‘எக்ஸ்பிரஸ்’ என்ற ஜாவாஸ்கிரிப்ட் திட்டத்தில், ரீட்மீயில் தங்கள் பெயரை எழுதி அனுப்பிய பி.ஆர்.கள் நூற்றுக்கணக்கில் வந்து விழுந்தன. ஒரு பாடக் காணொளியில் பயிற்சிக்காகக் காட்டியதை, நிஜக் களஞ்சியத்திலேயே பலரும் செய்து பார்த்ததன் விளைவு. அந்த மாணவர்களில் யாருக்கும் கெட்ட எண்ணம் இருந்திருக்காது. ஆனால் மூடும் பொத்தானை நூற்றுக்கணக்கான தடவை அழுத்தியவருக்கு அது ஆறுதல் இல்லை.

ஏ.ஐ. கருவிகள் இந்தச் சுமையை இன்னும் கூட்டியிருக்கின்றன. பார்க்க நேர்த்தியாக இருக்கும், படித்தால் அர்த்தமில்லாத பி.ஆரைக் கண்டுபிடிக்க, ரீட்மீ குப்பையைவிட அதிக நேரம் பிடிக்கும். ஸிக் என்ற நிரல்மொழியின் திட்டம், ஏ.ஐ. மொழி மாதிரிகளைக் கொண்டு எழுதிய இஷ்யூ, பி.ஆர்., கருத்து எதுவும் கூடாது, மொழிபெயர்ப்புக்குக்கூடக் கூடாது என்று விதி வைத்திருக்கிறது. கூடவே ஒன்று சொல்கிறது: ஆங்கிலம் கட்டாயமில்லை, தாய்மொழியிலேயே எழுதலாம், படிப்பவர் தன் கருவியை வைத்து மொழிபெயர்த்துக்கொள்ளட்டும். இங்கிலீஷ் தப்பாகிவிடுமோ என்று தயங்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் கவனிக்க வேண்டிய வரி இது. மற்ற திட்டங்களில் ஆங்கிலம்தான் நடைமுறை. ஆனால் அங்கேயும் யாரும் இலக்கணத்துக்கு மதிப்பெண் போடுவதில்லை. உடைந்த ஆங்கிலத்தில் நான்கு வரியும் ஓடக்கூடிய ஏழு வரி நிரலும் இருந்தால் போதும்.

ரிவ்யூ மெதுவாக நடப்பதற்கு இன்னொரு காரணம், நம்பிக்கை. 2024 மார்ச்சில் கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற சிறிய கருவியில் ரகசியப் பின்வாசல் ஒன்று பிடிபட்டது. இரண்டு வருடத்துக்கும் மேலாக நல்ல பிள்ளையாகப் பங்களித்து, பொறுப்பைக் கைக்குள் போட்டுக்கொண்ட ஒரு புனைபெயர்க்காரர் செருகியது அது. சர்வரில் லாகின் அரை விநாடி தாமதமாவதைச் சந்தேகித்த போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தின் டெவலப்பர் ஒருவரால்தான் உலகம் தப்பித்தது. அதன் பிறகு, முன்பின் தெரியாதவர் அனுப்பும் பெரிய மாற்றத்தை யாரும் சட்டென்று சேர்ப்பதில்லை. அது உங்கள் மீது தனிப்பட்ட சந்தேகம் இல்லை.

## ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளம் எவ்வளவு?

உலகமே கூடியிருக்கும் இடத்தில் மிச்சம் என்ன என்ற சந்தேகத்துக்கு வருவோம். நாம் மட்டும் பார்க்கக்கூடிய பிழைகள் மிச்சம் இருக்கின்றன. ‘தமிழ்’ என்ற சொல்லை வைத்தே பார்க்கலாம். எழுத்து எத்தனை என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டால் மூன்று என்று சொல்லும்: த, மி, ழ். மொழிகளைக் கேட்டால்:

1. பைத்தான் 5 என்கிறது. உலக எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறியீடுகள். ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்டும் இதே விடைதான் தரும்.
2. கோ, ரஸ்ட் இரண்டும் நீளம் கேட்டால் 15 என்கின்றன. உரையைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட்.
3. ஸ்விஃப்ட், ராக்கு இரண்டும் 3 என்கின்றன. கண்ணுக்குத் தெரியும் எழுத்தை எண்ணும் வழக்கம் அவற்றுக்கு.

மூன்றில் எதுவும் தவறில்லை. வெவ்வேறு கேள்விக்கு வெவ்வேறு பதில். ஆனால் பைத்தானில் ‘தமிழ்’ என்பதைத் தலைகீழாக்கினால், முதல் எழுத்தாக ஒரு புள்ளி அந்தரத்தில் தொங்கும். 10 இடம் ஒதுக்கி அச்சிடச் சொன்னால் பத்தி கோணிக்கொள்ளும். மூன்று என்று சரியாகச் சொன்ன ஸ்விஃப்ட்டும் ‘லக்ஷ்மி’ என்று கொடுத்தால் 4 என்கிறது. க்ஷ் என்பதை நாம் ஓர் எழுத்தாகப் பார்க்கிறோம், யூனிகோட் விதி இரண்டாக வெட்டுகிறது.

இதைவிடக் கடுமையான ஒன்று பைத்தானின் ரெகுலர் எக்ஸ்பிரஷன் (உரையில் ஒரு வடிவத்தைத் தேடும் முறை) நூலகத்தில் இருக்கிறது. ‘சொல்லில் வரும் எழுத்து’ என்பதைக் குறிக்கப் பின்சாய்கோடும் டபிள்யூவும் சேர்ந்த ஒரு குறி உண்டு. அதை வைத்து ‘தமிழ்’ என்ற உரையில் சொற்களைத் தேடுங்கள். ஒரு சொல் வர வேண்டிய இடத்தில் இரண்டு வரும்: ‘தம’, ‘ழ’. இகரக் குறியும் புள்ளியும் எழுத்தில் சேர்த்தி இல்லை என்று நூலகம் முடிவு செய்து, அங்கே வெட்டிவிடுகிறது. ஒரு தமிழ்ச் செய்தியைக் கொடுத்துச் சொல் எண்ணிக்கை கேட்டால் கணக்கு எங்கேயோ போய்விடும். தமிழில் தரவு வேலை செய்யும் எவரும் ஒரு நாள் இதில் முட்டிக்கொள்வார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அதே பைத்தானிடம் ‘தமிழ்’ என்பது மாறியின் பெயராக இருக்கலாமா என்று கேட்டால் இருக்கலாம் என்கிறது. முழுவதும் எழுத்துகளால் ஆனதா என்று கேட்டால் இல்லை என்கிறது. ஒரே மொழி, ஒரே சொல், இரண்டு முகம். ரஸ்ட்டின் ரெஜெக்ஸ் நூலகமும், பைத்தானுக்கே வெளியிலிருந்து கிடைக்கும் ‘ரெஜெக்ஸ்’ என்ற தனிப் பொதியும் இந்தச் சொல்லைச் சரியாகவே பிடிக்கின்றன. பைத்தானோடு வரும் நூலகத்தில் இந்தப் புகார் 2007-லிருந்தே பதிவில் இருக்கிறது.

ஏன் சரிசெய்யவில்லை? சரிசெய்தால், இன்றைய நடத்தையை நம்பி எழுதப்பட்ட நிரல்கள் சத்தமில்லாமல் வேறு விடை தரத் தொடங்கும். மொழியைப் பராமரிப்பவருக்கு அதைவிடப் பயங்கரம் வேறில்லை. ஒரே நாளில் பி.ஆர். போட்டு முடிக்கிற வேலை இல்லை இது. ஆனால் இதைச் சுற்றிச் சின்ன வேலைகள் நிறைய உண்டு. இந்தக் குறி எந்தெந்த எழுத்தை ஏற்கும் என்று ஆவணம் ஒரு வரியில் சொல்கிறது, வேறொரு ஃபங்ஷனின் விளக்கத்தைச் சுட்டிக்காட்டி. உயிர்மெய்யின் குறி இதில் விடுபடும் என்று அதைப் படித்து ஊகிக்க யாராலும் முடியாது. அங்கே ஓர் எச்சரிக்கை வாக்கியம், ஓர் உதாரணம் என்று முன்மொழியலாம். புகாரின் கீழே, மெய்யான தமிழ் உரையில் எத்தனை சொற்கள் எப்படி வெட்டுப்படுகின்றன என்று அட்டவணை போட்டுக் காட்டலாம். எடின்பரோவிலோ சியாட்டிலிலோ இருக்கும் டெவலப்பருக்கு இந்த உதாரணத்தைத் தயாரிக்கத் தெரியாது, தயாரித்தாலும் சரியா என்று உறுதி செய்ய முடியாது. நமக்கு அது ஒரு மாலை வேலை.

கோ மொழியில் கதை வேறு. மாறிப் பெயரில் யூனிகோட் எழுத்தும் எண்ணும் வரலாம், புள்ளி, இகரக் குறி போன்ற ஒட்டுக்குறி வரக் கூடாது. அதனால் ‘கல’ என்று பெயர் வைக்கலாம், ‘கல்’ என்று வைக்க முடியாது. புள்ளி வந்ததுமே கம்பைலர் நிறுத்திவிடும். தேவநாகரி போன்ற எழுத்துகள் இந்த விதியால் வெளியே நிற்கின்றன என்பதைக் கோ திட்டத்தின் கேள்வி-பதில் பக்கமே ஒப்புக்கொள்கிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு பொதிக்கு வெளியே தெரிய வேண்டிய பெயர் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும் என்பது கோ-வின் விதி. தமிழில் பெரிய எழுத்து ஏது? ரஸ்ட் 2021-ல் வந்த 1.53 பதிப்பிலிருந்து தமிழ்ப் பெயர்களை ஏற்கிறது.

‘கொடி’ என்ற சொல்லையும் ஒரு தடவை சோதித்துப் பாருங்கள். ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், எகரக் குறி, கால் என்று இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். பைத்தானில் ஒப்பிட்டால் சமமில்லை என்று வரும். நார்மலைஸ் செய்து, அதாவது ஒரே வடிவத்துக்கு மாற்றி, ஒப்பிட்டால் சமமாகும். வாக்காளர் பட்டியலிலோ நூலக அட்டவணையிலோ ஒரு பெயர் தேடினால் கிடைக்காமல் போவதற்கு இப்படி ஒரு காரணமும் இருக்கலாம். உங்கள் மொழியின் ஸ்டாண்டர்ட் லைப்ரரியில் உரையைத் தொடும் ஒவ்வொரு ஃபங்ஷனையும் இந்த நான்கு சொற்களால் தட்டிப் பாருங்கள்: தமிழ், கல், கொடி, லக்ஷ்மி. எங்கே சத்தம் மாறுகிறதோ அங்கே உங்களுக்கு வேலை இருக்கிறது.

## ஒரு பக், புகார் முதல் மெர்ஜ் வரை

நடைமுறையைச் சி-பைத்தானை வைத்தே சொல்கிறேன். மற்ற மொழிகளில் பெயர்கள் மாறும், வரிசை பெரிதாக மாறாது.

1. முதல் வாரம் எதுவும் அனுப்பாதீர்கள். களஞ்சியத்தை இறக்கி, டீபக் முறையில் (பிழை தேடுவதற்கு ஏற்றபடி) கட்டி, நீங்கள் அடிக்கடி பயன்படுத்தும் ஒரு மாட்யூலின் டெஸ்ட்களை மட்டும் ஓட்டிப் பாருங்கள். எல்லாம் பச்சையாக வந்தால் பட்டறை தயார்.

2. ‘ஈஸி’ பட்டையைத் துரத்த வேண்டாம். புதியவர்களுக்கென்று பட்டையிட்ட இஷ்யூக்கள் எல்லாத் திட்டத்திலும் உண்டு. ஆனால் ஒன்று வந்த சில நிமிடத்தில் ஐந்து பேர் "எனக்குக் கொடுங்கள்" என்று வரிசையில் நிற்பார்கள். உங்களுக்குப் பழக்கமான மாட்யூலின் பழைய இஷ்யூக்களைப் படிப்பது மேல்.

3. பழைய புகாரை இன்றைய பதிப்பில் ஓட்டிப் பாருங்கள். பத்து வருடத்துக்கு முன் யாரோ விண்டோஸ் 7-ல் கண்ட பிழை இன்றும் இருக்கிறதா? "மெயின் கிளையில், உபுண்டு 24.04-ல் ஓட்டினேன். பிழை இப்போது வருவதில்லை. ஓட்டிய நிரல் கீழே" என்று ஒரு பின்னூட்டம் போட்டால், ஒரு கோர் டெவலப்பரின் அரைமணி நேரம் மிச்சம். இதற்கு ட்ரையாஜ் என்று பெயர். மருத்துவமனை அவசரப் பிரிவில் யாரை முதலில் பார்ப்பது என்று பிரிப்பார்களே, அதே வேலை.

4. பிழையைச் சுருக்குங்கள். 400 வரி நிரலில் வரும் பிழையை ஏழு வரிக்குக் குறைப்பது தனிக் கலை. பாதியை நீக்கு, பிழை இருக்கிறதா பார், மறுபடி பாதியை நீக்கு. பல சமயம் சுருக்கி முடிக்கும்போதே காரணமும் தெரிந்துவிடும். சில சமயம், பிழை மொழியில் இல்லை, நம் நிரலில்தான் என்றும் தெரியும். அதுவும் லாபம்தான்.

5. எப்போது கெட்டது என்று கண்டுபிடியுங்கள். போன பதிப்பில் சரியாக இருந்து இதில் கெட்டிருந்தால், மாற்ற வரலாற்றைச் சேமிக்கும் கருவியான கிட்-டில் பைசெக்ட் என்ற வசதி உண்டு. நடுவில் உள்ள மாற்றத்தை எடுத்துக் கொடுக்கும், நல்லதா கெட்டதா என்று நீங்கள் சொல்வீர்கள், அது மறுபாதிக்குப் போகும். ஆயிரம் மாற்றங்கள் இருந்தாலும் பத்தே தடவையில் குற்றவாளி சிக்கிவிடும். சி-யில் ஒரு வரி எழுதாமல், சி-யில் நடந்த தவறைக் காட்டிக்கொடுக்கலாம்.

6. டெஸ்ட்டை முதலில் எழுதுங்கள். இன்றைய நிலையில் தோற்கும் டெஸ்ட், உங்கள் திருத்தத்துக்குப் பிறகு ஜெயிக்க வேண்டும். ரிவ்யூ செய்பவர் முதலில் தேடுவது அதைத்தான்.

7. பி.ஆரைச் சிறிதாக வையுங்கள். போகிற வழியில் பக்கத்து வரியின் இடைவெளியையும் சரிசெய்தேன் என்பது வேண்டாம். பயனருக்குத் தெரியும் மாற்றம் என்றால் பைத்தானில் ‘நியூஸ்’ என்று ஒரு குறிப்பும் தனிக் கோப்பாகக் கேட்பார்கள்.

8. காத்திருங்கள். ரிவ்யூ செய்பவர் ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ இருந்தால் பதில் நம் நள்ளிரவில் வரும். பல வாரம் பதிலே வராமலும் இருக்கும். ஒரு மாதம் போனால் பணிவாக ஒரு வரி நினைவூட்டலாம். தினமும் நினைவூட்டினால் வரிசையின் கடைசிக்குப் போய்விடுவீர்கள்.

ரஸ்ட்டில் ஒரு வசதி கூடுதல்: ஓர் இஷ்யூவை எடுத்துக்கொள்வதாக அங்குள்ள ‘பாட்’ என்ற தானியங்கி நிரலிடம் ஒரு வரியில் சொல்லிவிடலாம். கம்பைலரின் பிழைச்செய்திகளைச் செம்மைப்படுத்துவது அங்கே புதியவர்களுக்கு நல்ல நுழைவாயில். எதிர்பார்க்கும் பிழைச்செய்தி அப்படியே ஒரு கோப்பில் இருக்கும், அதோடு ஒப்பிட்டுத்தான் டெஸ்ட் நடக்கும். பிழைச்செய்தி குழப்பியது என்று உங்களுக்குத் தோன்றினால் அதுவே புகாருக்குப் போதுமான காரணம். பழகியவர்களுக்கு அந்தக் குழப்பம் கண்ணில் படாது.

## கையெழுத்தும் கம்பெனி ஒப்பந்தமும்

மாணவர்கள் இதைத் தாண்டிப் போகலாம். ஐ.டி. கம்பெனியில் இருப்பவர்கள் நின்று படிக்க வேண்டும்.

முதல் பி.ஆர். அனுப்பியதும் பைத்தானும் கோ-வும் சி.எல்.ஏ. என்ற பங்களிப்பாளர் உரிம ஒப்பந்தத்தில் கையெழுத்துக் கேட்கும். இணையத்திலேயே இரண்டு நிமிட வேலை. எழுதியது உங்களுடையது, அதைப் பயன்படுத்தும் உரிமையைத் திட்டத்துக்குக் கொடுக்கிறீர்கள் என்பது சாரம். ரஸ்ட்டில் இப்படித் தனி ஒப்பந்தம் கிடையாது.

சிக்கல் வேறு இடத்தில். சி.எல்.ஏ.-யில் கையெழுத்திடும்போது, கொடுக்கும் உரிமை எனக்கு இருக்கிறது என்று நீங்கள் உறுதி சொல்கிறீர்கள். ஆனால் வேலைக்குச் சேர்ந்த நாளில் டைடல் பார்க்கிலோ சிறுசேரியிலோ நீங்கள் படிக்காமல் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில், வேலைக் காலத்தில் எழுதும் எல்லா மென்பொருளும் கம்பெனிக்குச் சொந்தம் என்று ஒரு ஷரத்து இருக்கலாம். சில ஒப்பந்தங்களில் அலுவலக நேரத்துக்கு வெளியே எழுதியதும் அதில் அடங்கும். அப்படியென்றால் உங்களிடம் இல்லாததைக் கொடுத்தவர் ஆகிறீர்கள். செய்ய வேண்டியது: அந்த ஷரத்தை எடுத்துப் படியுங்கள். ஓப்பன் சோர்ஸுக்கென்று (யாரும் பார்க்கவும் மாற்றவும் கூடிய மென்பொருள்) தனிப் பிரிவு கம்பெனியில் இருந்தால் அவர்களிடமும், இல்லாவிட்டால் மேலாளர், எச்.ஆர். இருவரிடமும் மின்னஞ்சலில் அனுமதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாய்மொழி அனுமதி, மேலாளர் மாறும் வரைதான் செல்லும். அலுவலக லேப்டாப்பையும் அலுவலக மின்னஞ்சலையும் இதற்குத் தொடவே தொடாதீர்கள்.

## சென்னையில் யாரோடு உட்காருவது

தனியாகச் செய்பவர்கள் பெரும்பாலும் முதல் ரிவ்யூ பின்னூட்டத்தோடு நின்றுவிடுகிறார்கள். கேள்விகள் கடுமையாகத் தோன்றும், கேட்டுக்கொள்ள ஆள் இருக்காது. சென்னையில் அந்தக் குறை இல்லை. இந்திய லினக்ஸ் பயனர் குழுவின் சென்னைக் கிளை 1990களின் இறுதியிலிருந்து இயங்குகிறது. பைத்தான்காரர்களுக்குச் சென்னைபை மாதாந்தரக் கூட்டங்கள் நடத்துகிறது. 2019-ல் பைகான் இந்தியா மாநாடே நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் நடந்தது. பாஸ் லினக்ஸ் என்ற இயங்குதளம் இங்கே மத்திய அரசின் சி-டாக் அலுவலகத்தில் உருவானது. தமிழிலேயே கட்டற்ற மென்பொருள் பற்றிப் படிக்க 2012-லிருந்து கணியம் என்ற மின்னிதழ் இருக்கிறது.

கூட்டத்துக்குப் போனால் உரையைக் கேட்டுவிட்டு எழுந்து வந்துவிடாதீர்கள். முடிந்த பிறகு டீ குடிக்க நிற்கும் நான்கு பேரில் ஒருவராவது ஏற்கெனவே ஏதாவது ஒரு திட்டத்தில் மெர்ஜ் வாங்கியவராக இருப்பார். உங்கள் பி.ஆரை அனுப்பும் முன் அவரிடம் காட்டுவதுதான் மலிவான ரிவ்யூ.

பெரிய மொழிகளின் கூட்டம் மலைப்பாக இருந்தால் சின்னத் திட்டங்கள் உண்டு. தமிழிலேயே நிரல் எழுத உருவான ‘எழில்’ மொழி பைத்தானில் எழுதப்பட்டது. ஒரு மொழி எப்படிச் சொற்களைப் பிரித்து, இலக்கணம் பார்த்து, இயக்குகிறது என்பதைப் படித்துத் தெரிந்துகொள்ள ஏற்ற அளவு. தமிழ் எழுத்துகளைச் சரியாக எண்ணவும் பிரிக்கவும் ‘ஓப்பன்-தமிழ்’ என்ற பைத்தான் நூலகமும் உண்டு. சிறிய திட்டத்தில் உங்கள் இஷ்யூவைப் படிப்பவரே பதிலும் சொல்வார்.

காசும் வேண்டும் என்பவர்களுக்கு, இத்தகைய திட்டங்களில் பங்களிக்க உதவித்தொகை தந்து கூகுள் 2005-லிருந்து நடத்தும் சம்மர் ஆஃப் கோட் உண்டு. 2022 முதல் மாணவர் அல்லாத புதியவர்களும் சேரலாம். விண்ணப்பிக்கும் முன்பே, நீங்கள் வேலை செய்ய விரும்பும் மென்பொருள் திட்டத்தில் ஒன்றிரண்டு சின்னத் திருத்தங்கள் செய்திருந்தால்தான் மதிப்பு. அவர்களுடைய ‘சம்மர்’ தொடங்கும் நேரத்தில் நமக்கு செமஸ்டர் தேர்வு என்பதையும் கணக்கில் வையுங்கள்.

## திருத்தம் எப்போது நம் கைக்கு வரும்

மெர்ஜ் ஆன மறுநாள் யாருக்கும் எதுவும் மாறாது. ரஸ்ட் ஆறு வாரத்துக்கு ஒரு பதிப்பு வெளியிடுகிறது, கோ வருடத்துக்கு இரண்டு. பைத்தான் ஒவ்வோர் அக்டோபரும் ஒரு புதிய பதிப்பு. மே மாதம் பீட்டா என்ற சோதனைப் பதிப்பு வந்துவிட்டால் அந்த வருடத்துக்குப் புது வசதி சேராது. பக் திருத்தம் என்றால் தற்போது பராமரிப்பில் உள்ள பழைய பதிப்புகளுக்கும் பின்னோக்கிக் கொண்டுபோவார்கள். ஒரு பதிப்புக்கு முதலில் பக் திருத்தம், பிறகு பாதுகாப்புத் திருத்தம் மட்டும் என்று மொத்தம் 5 வருடம் ஆயுள்.

கல்லூரி ஆய்வகத்துக் கணினியில் இருப்பது உபுண்டு 22.04 என்றால் அதிலுள்ள பைத்தான் 3.10. அது 2021 அக்டோபரில் வந்தது. நீங்கள் இன்று திருத்தும் பிழை, ஆய்வக உதவியாளர் ஏதாவது ஒரு விடுமுறையில் பென்டிரைவோடு வந்து புது உபுண்டு போடும் வரை, அந்த வரிசைக் கணினிகளில் அப்படியே இருக்கும்.